கத்தி யார் கையில் இருந்தது?

சவரக் கத்தியைப் பெண் முதன்முதலாகக் கையில் எடுத்துவிட்டாள் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஞாயிறு இணைப்பில் ஒரு புகைப்படம் வரும். நுரை பூசிய ஓர் ஆண் முகம், அதன் கன்னத்தருகே கத்தி பிடித்த ஒரு பெண்ணின் கை, ஆண்களின் கோட்டைக்குள் நுழைந்தவர் என்று மேலே ஒரு தலைப்பு. எனக்குத் தெரிந்த பெண்ணியத் தோழிகள் அதை எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் நாவிதர் வீட்டுப் பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். சந்தோஷப்படுவேன் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அது ஏன் என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் ஆச்சியின் கையில் கத்தி இருந்தது. அப்பாவைப் பெற்றவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். தாத்தாவுக்கு ஓர் அடப்பம், ஆச்சிக்கு ஓர் அடப்பம். அவளுடையது கொஞ்சம் சிறியது. அதற்குள் ஒரு கத்தி, ஒரு கிண்ணி, நூல்கண்டு, முள்வாங்கி, வேப்பெண்ணெய்க் குப்பி. தாத்தா ஊர் ஆண்களுக்குச் சவரம் செய்தார். ஆச்சி ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாள். தொப்புள்கொடியை நூலால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி நடுவில் அறுத்தது அந்தக் கத்திதான். குழந்தைக்கு முதல் மொட்டை போட்டதும் அவள்தான் என்று அப்பா சொல்வார். ஆண் பிள்ளை பிறந்தால் இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு சேலையும் கிடைக்கும். பெண் பிள்ளை என்றால் ஒரு மரக்கால், சேலை கிடையாது. ஆச்சி இந்தக் கணக்கைச் சொல்லும்போது சிரிப்பாள். எங்களை ஒரு பக்கம் மருத்துவர் என்றும் மறு பக்கம் நாவிதர் என்றும் அழைத்த ஊர், மருத்துவம் பார்த்த பாதிக்கு மருத்துவச்சி என்று தனிப் பெயரும் வைத்திருந்தது. ஊர்க் கூலி வாங்கி, ஊரறியக் கத்தி பிடித்த பெண்கள் எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அப்படியிருக்க, எந்தக் கோட்டைக்குள் யார் இப்போது நுழைந்தார்கள்?

2019இல் ஜில்லெட் நிறுவனம் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பன்வாரி டோலா என்ற கிராமத்தில் ஜோதி, நேகா என்று இரண்டு சகோதரிகள். 2014இல் அப்பா நோயில் விழுந்ததும் அவருடைய கடையை எடுத்து நடத்தினார்கள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆண் உடை போட்டு, ஆண் பெயர் வைத்துக்கொண்டுதான் தொடக்கத்தில் நடத்த முடிந்தது. அந்தப் பெண்களின் துணிச்சலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் முன்னால் நான் எழுந்து நிற்பேன். சச்சின் டெண்டுல்கர் அவர்களிடம் சவரம் செய்துகொண்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. என் பேச்சு விளம்பரத்தைப் பற்றியது. ஒரு சிறுவனும் அவன் அப்பாவும் கடைக்கு வருகிறார்கள். பெண் சவரம் செய்வதைப் பார்த்துச் சிறுவன் திகைக்கிறான். பிடித்திருப்பது ஆணா பெண்ணா என்று கத்திக்கு என்ன தெரியும் என்ற பொருளில் அப்பா ஒரு வார்த்தை சொல்கிறார். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள்.

கத்திக்கு ஆண் பெண் தெரியாமலிருக்கலாம். சாதி நன்றாகத் தெரியும். அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது. கிராமம், புழுதி, விடியல், அப்பாவின் கண்ணீர். இந்தத் தொழில் ஏன் அந்த வீட்டுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி மட்டும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய பாதுகாப்பு ரேசரின் சாரமே, ஆண் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளலாம், தீட்டவும் வேண்டாம், நாவிதனும் வேண்டாம் என்பதுதான். 1915இல் அதே நிறுவனம் பெண்களுக்கென்று தனி ரேசர் ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலான பெண்கள் கவலைப்படாத அக்குள் முடி, அதன்பின் வெட்கப்பட வேண்டிய ஒன்றானது. நாவிதரின் பிழைப்பையும் பெண்ணின் நிம்மதியையும் ஒருசேரக் குறைத்துச் சம்பாதித்த நிறுவனம், நூறு வருடம் கழித்து நாவிதர் வீட்டுப் பெண்களைப் பாராட்டுகிறது. நாம் கைதட்டுகிறோம்.

அதற்கும் முன்னால் மராட்டியத்தில் சாந்தாபாய் யாதவ் இருந்தார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கணவர் இறந்தபின், நான்கு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு 1980களில் அவர் கத்தியை எடுத்தார். அவரையும் இந்தியாவின் முதல் பெண் நாவிதர் என்றுதான் எழுதினார்கள். முதல், முதல், முதல். ஒவ்வொரு முறை இந்தச் சொல்லை எழுதும்போதும் ஆச்சியின் அடப்பம் ஒருமுறை குப்பைக்குப் போகிறது.

நடந்தது வேறு. கத்தி பெண்ணிடம் இல்லாமல் இருந்து பிறகு வரவில்லை. இருந்தது போயிற்று. ஊர்க் குடிமகனாக வீடு வீடாகப் போய்ச் சிரைத்துக்கொண்டிருந்த ஆண், ஒரு கட்டத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டான். (குடிமகன் என்றால் இன்று அரசியல் சாசனத்தின் பிரஜை, எங்கள் பக்கத்தில் இன்றும் அது நாவிதனுக்கான பெயர். குடிமகள் என்றால் அவன் மனைவி. உரிமையுள்ளவருக்கும் ஊழியம் செய்பவருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எந்தச் சங்கடமும் இல்லாமல் வாழும் மொழி நம்முடையது.) கடை வந்ததும் நாற்காலி வந்தது, கண்ணாடி வந்தது, ரேடியோ வந்தது, விலைப்பட்டியல் வந்தது. நெல்லுக்குப் பதில் காசு. திண்ணைக்கு வெளியே நின்றவன் தன் கடைக்குள் நிமிர்ந்து நின்றான். வாடிக்கையாளன்தான் அவன் இடத்துக்கு வர வேண்டும். இது பெரிய மாற்றம். என் அப்பா அந்தத் தலைமுறை. அவர் கடைச் சுவரில் பெரியார் படம் இருந்தது. செய்தித்தாளை உரக்க வாசித்து விவாதிப்பார்கள். பெண்ணுரிமை பற்றியும் அங்கே பேசியிருக்கிறார்கள். நானும் அம்மாவும் டீத்தூக்கைப் பக்கவாட்டு ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுத் திரும்புவோம். வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

அதே காலத்தில் ஆச்சியின் பாதி என்ன ஆயிற்று? பிள்ளைப்பேறு மருத்துவமனைக்குப் போயிற்று. போனது நல்லது. இதில் எனக்குப் பழம்பெருமை பேசும் ஆசை கிடையாது. கத்தியால் அறுத்த கொடி வழியாக இசிவு நோய் வந்து இறந்த சிசுக்கள் இருக்கிறார்கள், ரத்தப்போக்கில் இறந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது ஒரு சாதனை. ஆனால் ஆணின் சாதி ஊழியம் தொழிலாக மாறியபோது அவனுக்குக் கடையும் சங்கமும் கிடைத்தன. பெண்ணின் சாதி ஊழியம் தொழிலாக மாறியபோது அது வேறு சாதிப் பெண்களுக்கு, பட்டம் பெற்றவர்களுக்குப் போயிற்று. எங்கள் பெண்களுக்கு மிஞ்சியது கடைத் துண்டுகளைத் துவைக்கும் வேலை. அதற்குக் கூலி கிடையாது. இருந்த கத்தியை இப்படித்தான் கையிலிருந்து வாங்கினார்கள். வாங்கிய பிறகு இது ஆண்களின் தொழில் என்றார்கள். அதற்கும் பிறகு, நுழைந்துவிட்டாள் என்று புகைப்படம் எடுக்கிறார்கள்.

சொற்களுக்கு வருகிறேன், அதுதான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்கள் மாநாட்டு மேடையில், ஆட்சியாளர்களைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு தோழர், இத்தனை நாளாக இவர்கள் என்ன சிரைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் மொழியின் ஆணாதிக்கம் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் இருந்தார்கள். பெண்ணை இழிவுபடுத்தும் வசைச்சொல் ஒன்று அந்த மேடையில் விழுந்திருந்தால் கூட்டம் அங்கேயே நின்றிருக்கும். இது யாருக்கும் காதில் விழவே இல்லை. தமிழில் ஒருவன் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமானால், என் அப்பா காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை நின்றுகொண்டே செய்த வேலையின் பெயரைச் சொன்னால் போதும். இடைவேளையில் அவரிடம் போய்ச் சொன்னேன். அது வெறும் பேச்சுவழக்குதானே, யாரையும் குறித்துச் சொல்லவில்லையே என்றார். குறித்துச் சொல்லாமலே குத்துவதற்குத்தான் வழக்கு என்று பெயர்.

மழித்தல் என்ற சொல்லைத் திருக்குறள் வகுப்பில் நடத்துகிறேன். உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் தலையை மழிக்கவும் வேண்டாம், சடை வளர்க்கவும் வேண்டாம் என்று துறவிகளுக்குச் சொல்லும் குறள். துறவைப் பற்றிய பாடம் அது. ஆனால் அந்தச் சொல் வந்ததும் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழும். இரண்டு மூன்று தலைகள் ஒரே மாணவனை நோக்கித் திரும்பும். யார் என்று நான் பதிவேட்டைப் பார்க்கத் தேவையில்லை. எனக்கு அந்தத் திரும்பல் தெரியும், என் பள்ளிக்கூடத்தில் என்னை நோக்கியும் தலைகள் அப்படித்தான் திரும்பின.

புறநானூற்றையும் நடத்துகிறேன். அதன் 261ஆம் பாட்டில் கணவனை இழந்தவளின் மழிக்கப்பட்ட தலை வருகிறது. 25ஆம் பாட்டில் போரில் கணவரை இழந்த பெண்கள் கூந்தலைக் கொய்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இதையெல்லாம் கைம்மை நோன்பு என்று எழுதுவோம். கொய்த கை யாருடையது என்று எந்தக் கட்டுரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கத்தி தானாக நகர்ந்த மாதிரி எழுதுகிறார்கள். பிற்காலத்தில் பார்ப்பன வீடுகளில் விதவைகளின் தலையை மழித்தார்கள், முடி வளரவளர மழித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டின் கூடத்துக்குள்கூட அனுமதியில்லாத ஒரு நாவிதன், வேறெந்த ஆணும் தொடக் கூடாத ஒரு பெண்ணின் தலையைக் கொல்லைப்புறத்தில் தொட்டான். இருவருமே அமங்கலம் என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஒருவரை வைத்து இன்னொருவரை அவமானப்படுத்துவது சாதிக்கு எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது.

1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே அதற்குத் துணை நின்றார். சட்டம் கேட்டு மனு எழுதிய சீர்திருத்தவாதிகளின் பெயர்கள் நம் பாடநூல்களில் இருக்கின்றன. கத்தியைக் கீழே வைத்தவர்கள் இல்லை. கூலி போகும், வீட்டு வாசலில் உதை விழும் என்று தெரிந்தும் வைத்தார்கள். பெண்ணிய வரலாறு எழுதுபவர்கள் இந்தச் சம்பவத்தை அடிக்குறிப்பில் தள்ளுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உழைப்பாளி மறுக்கும்போது அது தொழிலாளர் வரலாறு, எழுத்தாளர் கண்டிக்கும்போது அது பெண் விடுதலை வரலாறு என்று யார் பிரித்தார்கள்?

கத்தியைப் பிடிப்பதைப் பற்றி இதுவரை சொல்லவில்லை.

தம்பிகள் இருவரும் பன்னிரண்டு வயதில் கற்றார்கள். ஊதிய பலூனில் சோப்பு நுரை பூசி, பலூன் உடையாமல் நுரையை வழிக்க வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் அது நடந்தது. உடைந்த பலூன் துண்டுகளைப் பெருக்கியது நான். கேட்டதற்கு, "ஏட்டி, நீ பேனாவைப் பிடி, போதும்" என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார். அவர் என்னை எம்.ஏ.வும் முனைவர் பட்டமும் படிக்க வைத்தார், கடையை அடகு வைத்து. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மகனுக்குத் தொழில், மகளுக்குத் தப்பித்தல் என்ற அந்தப் பங்கீட்டில் ஒரு கணக்கு இருந்தது. தப்பிக்கிறவள் விட்டுவந்ததை இழிவு என்று ஒப்புக்கொண்டால்தான் தப்பித்தல் பூர்த்தியாகும். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சு குழறியது. நாற்பத்தைந்து வருடம் தினமும் காலையில் தன் முகத்தைத் தானே வழித்துக்கொண்ட மனிதர். தம்பிகளில் ஒருவன் துபாயில், இன்னொருவன் கடையில். கடைப் பையனை அனுப்பினான். வெளுத்த பிளாஸ்டிக் ரேசரைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை பிளேடு மாட்டும் கத்தியையும் ஏற்கவில்லை. எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் எல்லாக் கடைகளும் அதற்கு மாறின, அவரும் கடையில் மாறினார். தன் முகத்துக்கு மட்டும் பழைய கத்திதான். ஐந்து நாள் தாடியோடு கிடந்தவர், ஆறாம் நாள் இடது கையால் அலமாரியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

கற்றுத்தர அவரிடம் இருந்தது ஓர் இடது கையும் ஏழெட்டுச் சொற்களும். நான் கத்தியைச் சுண்ணக்கட்டி பிடிப்பதுபோல் பிடித்தேன். தலையை ஆட்டினார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவரே வைத்தார். தகடு முடிகிற இடத்துக்கும் பிடி தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் கத்திக்கு ஒரு கழுத்து இருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அந்தக் கழுத்தின் முதுகில் படிய வேண்டும். கட்டைவிரல் அடியிலிருந்து தாங்கும். கழுத்துக்குப் பின்னால் வளைந்து நிற்கும் வாலில் சுண்டுவிரல் உட்காரும். பிடி மேலே மடங்கி, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சும்மா நிற்கும். பிடி என்று பெயர்தான். அதைப் பிடிப்பதே இல்லை. இறுக்கினால் மணிக்கட்டு செத்துவிடும். தளர்த்தினால் கத்தி புரளும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பிடிமானம் வர எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அதுவரை அப்பா தன் இடது முன்கையை நீட்டி, அதிலிருந்த முடியை வழிக்கச் சொன்னார்.

தகடு தோலில் படுத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும். நிமிர்ந்தால் தோலைச் சீவும். நடுவில் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. அழுத்தக் கூடாது, கத்தியின் கனமே போதும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் வெட்டு. அதைவிட முக்கியம் சும்மா இருக்கிற கை. அது தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், காது ஓரத்தில் மேலே, தாடையில் பின்னே, மீசைக்குக் கீழ் மூக்கு நுனியைத் தூக்கி. அப்பாவின் வலது கன்னம் தொங்கிப்போயிருந்தது. உப்பிக் காட்ட முடியாது, எச்சில் வழியும். அங்கே மூன்று விரலால் தோலை நிரவிக்கொண்டு அரை அங்குலம் அரை அங்குலமாகத்தான் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்திருந்தார்கள், சின்னக் கீறல் விழுந்தாலும் நிற்காது. படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். குரல்வளை மேட்டில் வந்ததும் எச்சிலை விழுங்கச் சொல்லி, தோலை ஓரத்துக்கு நகர்த்தி வழிக்க வேண்டும். அவருக்கு விழுங்குவதே கஷ்டம். காத்திருப்பேன்.

தீட்டுவது தனி வித்தை. தோல்வாரில் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும், கூர்ப்பக்கம் புரட்டினால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. சத்தம் மாறுவதைக் கேட்டே அப்பா போதும் என்று கையைக் காட்டுவார். தமிழ் இலக்கணத்தை இருபது வருடம் கற்றேன். இதுவும் அதற்குக் குறையாத ஒழுங்குள்ள அறிவு. யாரும் இதற்கு நூற்பா எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்த நான்கு மாதமும் வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஒருவர் விடாமல் ஒன்றைச் சொன்னார்கள். என் அத்தை வாசலில் நின்றபடியே, "ஏளா, உன்னைப் படிக்க வச்சது இதுக்கா?" என்று அழுதாள். அப்பாவின் மலத்தைத் துடைத்தபோது யாரும் அழவில்லை. அது மகள் செய்ய வேண்டியது. குளிப்பாட்டியபோதும் ஊட்டியபோதும் அழவில்லை. கத்தியை எடுத்தபோதுதான் குடும்பத்துக்கு மானம் போயிற்று. பராமரிப்பு என்ற பெயரில் எந்த வேலையையும் பெண்ணின் தலையில் கட்டலாம். அதில் தேர்ச்சி, கூர், ஆணின் தொண்டை என்று ஏதாவது கலந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் வயிறு கலங்குகிறது. ஊர்ப் பெரிய வீட்டு ஆண்கள் என் தாத்தாவை "ஏலே" என்று கூப்பிட்டுவிட்டு, அதே தாத்தாவின் கத்திக்குக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறார்கள். அவர் வெட்ட மாட்டார் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு உறுதி. அடங்கிய சாதியின் கையில் கத்தி இருப்பது அவர்களுக்குப் பயமில்லை. அடங்கிய பாலினத்தின் கையில் என்றால் பயம் வருகிறது என்றால், எந்த அடக்குமுறை இன்னும் உறுதியாகவில்லை என்று பார்க்க வேண்டியதுதான்.

தலித் பெண்ணிய நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் நேராகக் கேட்டார்: குலத்தொழிலுக்குப் பெருமை தேடுகிறாயா? நியாயமான கேள்வி. இல்லை. எந்தப் பிள்ளையும் பிறப்பால் ஒரு தொழிலுக்குக் கட்டுப்படக் கூடாது. எங்கள் கத்திக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. தாத்தாவும் ஆச்சியும் தலித் தெருவுக்குப் போனதில்லை. போனால் மற்ற தெருக்களில் வேலை கிடையாது என்பது காரணம். காரணம் இருந்தாலும் அது தீண்டாமைதான். கடை வந்தபிறகும் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் முடிவெட்டப் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். இன்றும் ஏறுகிற ஊர்கள் உண்டு. இதைச் சொல்லாமல் நாவிதர் வீட்டுப் பெண் பெண்ணியம் பேசினால் அது பொய். நான் கேட்பது பெருமை அல்ல. செய்த வேலைக்கு வேலை என்று பெயர், வேலைக்குக் கூலி, கூலிக்கு ஓர் அட்டை.

அட்டை என்றதும் மதினி ஞாபகம் வருகிறாள். என் அத்தை மகள். முப்பது வயதில் கணவனை இழந்தாள். அன்றிலிருந்து இருபது வருடம் அப்பாவின் கடைத் துண்டுகளைத் துவைத்தாள், கத்தி கத்தரிகளைக் கொதிநீரில் போட்டெடுத்தாள், கடை மூடியபின் உள்ளே போய்த் தரை பெருக்கினாள். கத்தி தீட்டுவதில் தம்பிகளைவிட அவள் கை சுத்தம் என்று அப்பாவே சொல்வார். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது, முடிதிருத்தும் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு 2,000 ரூபாய் தந்தது. கடையிலிருந்த ஆண்களுக்கு வந்தது. மதினிக்கு வரவில்லை. அவள் முடிதிருத்தவில்லையே.

அப்பா போனபின் கடை தம்பி பெயருக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989இலிருந்தே மகளுக்குக் குடும்பச் சொத்தில் பங்குண்டு. என் பங்காக மூன்று நாற்காலியில் ஒன்றை மதினிக்கு விடச் சொன்னேன். "அக்கா, பொம்பள நின்னா கஸ்டமர் வரமாட்டான்" என்றான் தம்பி. பிறகு அப்பாவின் கத்தியைத் துணியில் சுற்றி, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தான். நகரத்தில் யூனிசெக்ஸ் சலூன் என்ற பெயரில் எந்தச் சாதிக்காரரும் முதல் போட்டுக் கடை திறக்கிறார். அங்கே பெண்கள் ஆண்களுக்கு முடிவெட்டுகிறார்கள், அவர்களுக்கு ஸ்டைலிஸ்ட் என்று பெயர். அங்கே வருகிற கஸ்டமர் எங்கள் கடைக்கு மட்டும் வரமாட்டானாம்.

கோயில்களைப் பற்றியும் ஒன்று. 2021இல் தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறநிலையத்துறை அறிவித்தது, மொட்டையடிக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. வரவேற்கிறேன். திருமலையில் கல்யாணகட்டாவில் பெண் பணியாளர்களும் மொட்டையடிக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கோயிலில் வேண்டுதலுக்குத் தலைமுடி இறக்க வரும் பெண்கள் இன்றும் ஆண்கள் முன்னால்தான் குனிந்து உட்காருகிறார்கள். அங்கே மதினி விண்ணப்பம் கொடுக்கப் போனாள். இந்த வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்கும் வழக்கமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழக்கம். மறுபடியும் அதே சொல்.

மதினி இப்போது தன் வீட்டுத் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். கண்ணாடி நான் வாங்கிக் கொடுத்தது, கத்தி அப்பாவுடையதல்ல, அரை பிளேடு மாட்டுகிற புதுக் கத்தி, ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. சவரம் 50 ரூபாய், முடிவெட்ட 100. எந்தத் தெருக்காரர் வந்தாலும் அதே நாற்காலி என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு தெருக்காரர்கள் வருவதில்லை. பிள்ளைகள் வருகிறார்கள், கிழவர்கள் வருகிறார்கள், நடுவயது ஆண்கள் திண்ணையைத் தாண்டும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இதை வாசிக்கிற முற்போக்குத் தோழர்களில் திருநெல்வேலி வழியாகப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் சுடவைத்துவிடுவாள்.